இருமல் மருந்து மூடியில் திருவிருந்து

கொரோனா வந்துட்டுப் போயும் ரொம்ப நாளாச்சு. கம்பெனியில மாஸ்க் போச்சு. ஷிஃப்ட் பஸ்ல ஒரு சீட் விட்டு ஒரு சீட் உக்கார்றது போச்சு. கேட்டாண்ட நெத்தியில கருவியை நீட்டிச் சூடு பாக்கறதும் போச்சு. எங்க கோயில்ல, அதான் சர்ச்சுல, மட்டும் ஒண்ணு போகாம ஒட்டிக்கினு நின்னுச்சு. திருவிருந்து குடுக்கற சின்ன பிளாஸ்டிக் குப்பி. இருமல் மருந்து பாட்டில் மேல அளவு பாத்து ஊத்தறதுக்கு ஒரு மூடி கவுத்து வெச்சிருப்பாங்களே, அச்சு அசல் அதேதான். அதுல ஆண்டவர் ரத்தம்னு குடுக்கற ஒரு மொடக்கு திராட்சை ரசம். மாசாமாசம் அதைக் கையில வாங்கறப்பல்லாம் எனக்குத் தொண்டை கட்டினாப்பல ஆயிடும்.

அதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரே பாத்திரம்தான். வெள்ளி முலாம் பூசின பெரிய பாத்திரம். பீடத்துக்கு முன்னால இருக்கற மரக் கிராதியில எல்லாரும் வரிசையா முழங்கால் போடுவோம். போதகர் ஒருத்தர் வாய்ல வெச்சுக் குடுத்துட்டு, விளிம்பைத் துணியால துடைச்சு, கொஞ்சம் திருப்பி அடுத்தவங்களுக்குக் குடுப்பார். எல்லாச் சபையிலயும் அப்படித்தான். கொரோனாவுல எல்லாச் சபையிலயும் குப்பி வந்துச்சு. அப்புறம் எல்லாச் சபையிலயும் பழைய பாத்திரம் திரும்பி வந்துச்சு, எங்க சபையைத் தவிர.

ஏன்னு கேட்டா, கொஞ்சம் உள்கதை சொல்லணும். எங்க கோயில் மண்ணூருக்கும் பிள்ளைப்பாக்கத்துக்கும் நடுவுல கீது. சுத்தி கம்பெனி காம்பவுண்டு சுவர், நடுவுல இது மட்டும் ஓடு போட்ட கட்டடம். சபையில பாதிப் பேர் ஊர்க்காரங்க, நிலம் வெச்சிருந்த குடும்பம். மீதிப் பேர் நாங்க, காலனி. ரெண்டு கூட்டமும் ஒரே காலத்துலதான் ஞானஸ்நானம் எடுத்துச்சு. அன்னைக்கு எல்லாத்தையும் தண்ணியில விட்டாங்க, சாதியை மட்டும் பத்திரமா கையில புடிச்சுக்கினு கரை ஏறிட்டாங்க. முன் பெஞ்சு ஊர், பின் பெஞ்சு காலனி. முன் பெஞ்சு எழுந்து போய் திருவிருந்து எடுத்துட்டு வந்தப்புறம்தான் பின் பெஞ்சு. ஒரே பாத்திரம்தான், ஆனா எங்க வாய் பட்டதுக்கு அப்புறம் அவங்க வாய் படாது. இதை யாரும் எழுதி வெக்கல, யாரும் வாயைத் திறந்து சொன்னதும் இல்ல.

கம்பெனிங்க வந்து இந்த வரிசையைக் கலைச்சு வுட்டுச்சு. தூத்துக்குடிக்காரன், நாகர்கோவில்காரன், ஒடிசாக்காரன்னு வாடகை ரூம்ல இருக்கறவன் எல்லாம் கோயிலுக்கு வர ஆரம்பிச்சான். நைட் ஷிஃப்ட் முடிச்சு யூனிபார்மோட வர்றவனுக்கு முன் பெஞ்சு இன்னா, பின் பெஞ்சு இன்னா? எங்க இடம் கீதோ அங்க உக்காந்து தூங்கறான். எங்க காலனிப் பொண்ணுங்களும் அதைப் பாத்து முன்னாடி போய் உக்கார ஆரம்பிச்சுதுங்க. இப்ப யார் வாய்க்கு அப்புறம் யார் வாய்னு யாரு கணக்கு பாக்கறது? அதான் குப்பி. ஆளுக்கொண்ணு, வம்பே இல்ல. கேட்டா சுகாதாரம்னு ஒரே வார்த்தை.

அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரர் எங்க சபை செயலாளர். ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில சேஃப்டி ஆபீசர். கோயில் மாடிப்படியில கூட மஞ்சள் பட்டை ஒட்டி வெச்ச மனுஷன். முன் பெஞ்சுல முதல் ஆள். ஆள் கெட்டவரான்னா, இல்ல. அதுதான் எனக்கு ஆத்திரமே. எங்க காலனிப் பசங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கார். என் வூட்டுக்காரர் வயித்து வலியில துடிச்சப்ப தன் காரை எடுத்துக்கினு வந்து ஆஸ்பத்திரியில சேத்தவர் அவர்தான். கெட்டவனா இருந்தா நாலு திட்டு திட்டிட்டு தூங்கப் போயிடலாம். நல்லவனா இருந்துக்கினு இதையும் பண்ணா, நம்ம எங்க போய் முட்டிக்கறது?

இதெல்லாம் நான் பொறுத்துக்கினுதான் இருந்தேன். பொறுக்காதது என் பொண்ணு.

அவ தண்டலத்தாண்ட பாலிடெக்னிக் படிக்கறா. அந்த வருஷம் அவளுக்குத் திடப்படுத்தல் வந்துது. பேராயர் வந்து தலையில கை வெச்சு ஜெபிச்ச அப்புறம்தான் எங்க பிள்ளைங்க முதல் தடவை திருவிருந்து எடுக்கும். எனக்கு அது கல்யாணம் மாதிரி. வெள்ளைப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுத்தாச்சு, பிரியாணிக்கு ஆள் சொல்லியாச்சு. ஒரு நாள் நான் ஷிஃப்ட் முடிச்சு வந்து கருவாடு கழுவிக்கினு இருக்கேன், அவ வந்து அடுப்பங்கரை வாசல்ல சாஞ்சு நின்னுக்கினு சொல்றா:

"அம்மா, நான் திடப்படுத்தல் எடுக்கல."

கருவாடு கையை வுட்டு நழுவிடுச்சு. "இன்னாடி சொல்ற?"

"ஒரே பாத்திரத்துல குடுத்தா எடுக்கறேன். அந்த மருந்து மூடியில குடுத்தா எழுந்து வந்துடுவேன். பேராயர் முன்னாடியே எழுந்து வந்துடுவேன், சொல்லிட்டேன்."

"ஏய், அதுல இன்னாடி இருக்கு? உள்ள இருக்கறது அதே ரசம்தான?"

"அப்ப அவங்களுக்கும் அதே ரசம்தான? பாத்திரத்துல குடிச்சா இன்னா?" அவளுக்கு என் வாய் அப்படியே வந்திருக்கு, பாழாப் போன வாய். "ட்ரெய்னிங்குக்குப் போற கம்பெனியில ஒரே டம்ளர்ல எல்லாரும் குடிக்கறாங்கம்மா. யாரு சாதி இன்னான்னு எவனும் கேக்கல. கேன்டீன்ல கிடைக்கறது கோயில்ல கிடைக்கலன்னா, நான் எதுக்குமா கோயிலுக்கு வரணும்?"

அவ சொன்னா செய்வா. திடப்படுத்தல் அன்னைக்கு எழுந்து வந்துட்டா மறுபடி கோயில் வாசப்படி மிதிக்க மாட்டா, அதுவும் எனக்குத் தெரியும். என் அப்பன் ஆத்தா எனக்குன்னு விட்டுட்டுப் போனது நிலமா, நகையா? இந்த ஆண்டவர் ஒருத்தர்தான். அவரையும் இவ வேணாம்னு தள்ளிட்டாள்னா நான் இன்னா பண்ணுவேன்? என் வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் கம்பெனி பஸ் ஓட்டறவர், எந்தப் பிரச்சனைன்னாலும் ஓரமா நிறுத்திட்டு இறங்கிடுவார். "நீயே பேசிக்கோ, எனக்குத் தெரியாது"ன்னுட்டு திரும்பிப் படுத்துட்டார்.

சரின்னு நானே பேசினேன். அந்த மாசத் திருவிருந்து முடிஞ்சதும் சபைக் கூட்டம். அடுத்த மாசம் பேராயர் வர்றதைப் பத்திப் பேசறாங்க, பந்தல் எங்க போடறது, மாலை யார் போடறதுன்னு. நான் எழுந்து, "பாத்திரம் எப்ப வரும்?"னு கேட்டேன்.

எங்க போதகர் தென்காசிப் பக்கத்துக்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, சண்டைன்னா பயம். "ஏம்மா, பேராயர் வார நேரத்துல இதெல்லாம் எதுக்கும்மா? கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, சமாதானமாப் போயிருவோம்"னார்.

செயலாளர் சிரிச்ச முகத்தோட எழுந்தார். "இங்க பாரும்மா, இது ஹைஜீன். இதுல வேற எதுவும் இல்ல. இன்ஃபெக்ஷன் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"சார், உங்க கம்பெனி கேன்டீன்ல டம்ளர்ல ஆளாளுக்குப் பேர் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் மெஷின்ல கழுவறாங்கம்மா."

"இங்க அந்த மெஷின் நாங்கதான் சார்."

பின் பெஞ்சுல எவளோ பக்குன்னு சிரிச்சுட்டா. ஏன்னா அதுதான் நிஜம். திருவிருந்து முடிஞ்சதும் அந்தக் குப்பிங்களைக் கூடையில அள்ளிக்கினு போய் கோயிலுக்குப் பின்னால குழாயடியில உக்காந்து கழுவறது காலனிப் பொம்பளைங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் விரலை விட்டுத் தேய்ப்போம். தேய்க்கறப்ப எந்தக் குப்பி எந்த வாய்க்குப் போச்சுன்னு எவளுக்குத் தெரியும்? எல்லாம் ஒரே கூடை.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "எங்க கை பட்டா ஆகுது, எங்க வாய் பட்டா ஆகலையா? இது இன்னா நியாயம் சார்? பைபிள்ல ஆண்டவர் கிணத்தடியில வேத்துச் சாதிப் பொம்பளைகிட்ட குடிக்கத் தண்ணி கேட்டாரே, அவர் ஜனங்க அந்த ஜனத்தோட பாத்திரத்துல புழங்கவே மாட்டாங்க. மொண்டு குடிக்க அவர்கிட்ட ஒண்ணுமே இல்ல, அவ பாத்திரம்தான் கதி. தெரிஞ்சேதான கேட்டார்? வூட்லேர்ந்து தனியா குப்பி எடுத்துக்கினா வந்தார்?"

போதகர் ஜெபிச்சுக் கூட்டத்தை முடிக்கலாம்னு அவசரமா எழுந்தார். எனக்கு இன்னும் ஆறல. "இந்த மாசம் நான் கழுவ மாட்டேன். யாருக்கு அசிங்கமா கீதோ அவங்க கழுவிக்கட்டும்"னு சொல்லிட்டு பையைத் தூக்கிக்கினு வந்துட்டேன். என் பின்னாலயே காலனிப் பொம்பளைங்க மொத்தமும் வந்துச்சுங்க. வர்ற வழியெல்லாம் ஒரே சிரிப்பு. ஒருத்தி என்னை மாதிரியே பேசிக் காட்டறா, "அந்த மெஷின் நாங்கதான் சார்"னு.

சிரிச்சு முடிச்சு வூட்டுக்கு வந்தா பயம் புடிச்சுக்கிச்சு. பேசினேன் சரி, நடந்தது இன்னா? ஒண்ணும் இல்ல. போதகரும் கம்முனு இருக்கார், செயலாளரும் கம்முனு இருக்கார். பொண்ணு ஜாக்கெட்டைப் போட்டுப் பாக்கவே மாட்டேன்றா. நானும் கம்பெனியில ஒயர் செக் பண்ணிக்கினே ஜெபம் பண்றேன். லைன் லீடர் வந்து, "இன்னாக்கா வாய் முணுமுணுக்குது, என்னையா திட்டற?"ன்னு கேட்டா. "உனக்கு இடமே இல்லடீ, கியூ நிக்குது"ன்னேன்.

திடப்படுத்தல் ஞாயிறு வந்துச்சு. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி வெள்ளைப் புடவையைக் கட்ட வெச்சு இட்டுக்கினு வந்துட்டேன். வழியில ஒரே வார்த்தைதான் சொன்னா. "குப்பி வந்தா எழுந்துடுவேன்." செயலாளர் பொண்ணுக்கும் அன்னைக்குத்தான் திடப்படுத்தல். ரெண்டும் ஒரே வகுப்புல ஜெபம் படிச்சதுங்க, சிநேகிதிங்க. முக்காடு நிக்கலன்னு ஒண்ணுக்கொண்ணு பின் குத்திவிட்டுக்கினு நிக்குதுங்க.

அப்பதான் வெஸ்ட்ரியிலேர்ந்து, அதான் போதகர் அங்கி மாத்தற ரூம்லேர்ந்து, ஒரு சத்தம். "ஐயோ, எறும்பு!" எங்க போதகர் குரல்.

ஓடிப் போய்ப் பாத்தா, குப்பி வெக்கற பெட்டி தொறந்து கிடக்கு. போன மாசம் குடிச்ச குப்பிங்க அப்படியே கிடக்கு. ரசம் அடியில காஞ்சு ஒட்டி, ஒவ்வொண்ணுலயும் எறும்பு மொச்சுக்கினு கீது. போதகர் கையை உதறிக்கினு குதிக்கறார். செயலாளர் அந்தப் பெட்டியையே பாத்துக்கினு நிக்கறார். அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் பெட்டியை மூடி உள்ள எடுத்து வெச்சவரே அவர்தானாம்.

"கழுவலையாம்மா?"ன்னு கேட்டார் என்னைப் பாத்து.

"சொல்லிட்டுத்தான சார் போனேன்?"

"கோவத்துல சொன்னீங்க, அப்புறமா வந்து கழுவியிருப்பீங்கன்னு..."

அவர் சம்சாரம் எட்டிப் பாத்துட்டு, "ஏங்க, இதையெல்லாம் கழுவுவாங்களா? மாசாமாசம் புதுசு வாங்கறாங்கன்னுல்ல நான் நெனச்சுக்கினு இருந்தேன்!"ன்னுச்சு. அந்தம்மா நிஜமாவே ஆச்சரியமாத்தான் கேட்டுச்சு, பாவம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம சுவரு பக்கம் திரும்பிக்கினேன். இத்தனை நாளா முன் பெஞ்சுல ஒருத்தருக்குக்கூட அது தோணல. அது தானா சுத்தமாகி தானா பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்குதுன்னு நெனச்சுக்கினு குடிச்சிருக்காங்க, சுகாதாரமா!

செயலாளர் கூடையைத் தேடறார், சோப்பைத் தேடறார், எது எங்க கீதுன்னு தெரியல. அதுக்குள்ள வாசல்ல பேராயர் கார் வந்து நின்னுடுச்சு. மேளம் ஆரம்பிச்சுடுச்சு. பேராயர் மாலையைக் கழட்டிக்கினே உள்ள வந்தார், பெட்டியைப் பாத்தார், மூக்கைச் சுளிச்சார். "உங்க சபையில பாத்திரம் இல்லையா?"

"இருக்கு ஐயா. பீரோவுல கெடக்கு."

"பிறகு என்ன? எடுங்க. எனக்கு மத்தியானம் இன்னொரு சபை இருக்கு."

அவ்வளவுதான். எங்க சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. நான் ஒரு மாசம் தலைகீழா நின்னு கேட்டதை, அந்த மனுஷன் கைக்கடிகாரத்தைப் பாத்துக்கினே முடிச்சு வெச்சுட்டுப் போய்ட்டார்.

ஆராதனை ஆரம்பிச்சுது. பீடத்து மேல வெள்ளைத் துணி மூடி பாத்திரம் நிக்குது. என் பொண்ணு அதைப் பாத்துட்டா. முன்னால உக்காந்திருந்தவ சட்டுனு கழுத்தைத் திருப்பி பின்னால என்னைத் தேடினா. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டிக்கினு இருந்தேன்.

பேராயர் ஒவ்வொரு பிள்ளை தலையிலயும் கை வெச்சார். அப்புறம் திருவிருந்து, புதுப் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல. உயரம் பாத்து நிறுத்தியிருந்தாங்க. என் பொண்ணு குள்ளம், அதனால அவ முதல் ஆள், அவ பக்கத்துல செயலாளர் பொண்ணு. பேராயர் பாத்திரத்தைக் குனிஞ்சு குடுத்தார். என் பொண்ணு குடிச்சா. அவர் விளிம்பைத் துடைச்சார், திருப்பினார், அடுத்த பொண்ணுகிட்ட நீட்டினார். அது ஒரு நொடிகூட யோசிக்கல. இவ குடிச்ச மாதிரியே குடிச்சுட்டுக் கண்ணை மூடிக்கிச்சு. நான் ஆண்டவரேன்னு சத்தமாவே சொல்லிட்டேன் போல, பக்கத்துல இருந்தவ என் தொடையைக் கிள்ளினா.

அடுத்து முன் பெஞ்சு எழுந்திருக்கணும். ஒருத்தரும் எழுந்திருக்கல.

கீபோர்டு ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சுக்கினு கீது. ரெண்டு குடும்பம் எழுந்துச்சு, ஆனா வாசலைப் பாத்து நடந்துச்சு. செயலாளர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியுது, ஆணி அடிச்சாப்பல கீது. பேராயருக்குப் பொறுமை போச்சு. "ஏன் தயங்கறீங்க? இடம் கிடக்குது. பின்னால இருக்கிறவங்க வாங்க, வாங்க"ன்னு கையை ஆட்டினார்.

நான் எழுந்தேன். போய்க் கிராதியில முழங்கால் போட்டேன். என் இடது பக்கம் காலனிக்காரங்க வந்து ரொம்பிட்டாங்க. வலது பக்கம் காலியா கிடக்கு. இனிமே அங்க யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சுக்கினு இருக்கறப்ப, யாரோ வந்து முழங்கால் போடற சத்தம். ஓரக்கண்ணால பாத்தேன். செயலாளர். அவருக்கு அந்தப் பக்கம் அவர் சம்சாரம். பாத்திரம் இடது பக்கத்துலேர்ந்து வந்துக்கினு கீது. அதாவது எனக்கு அப்புறம் அவருக்கு.

உண்மையைச் சொல்லிடறேன், அந்த நிமிஷத்துக்காக நான் ஒரு மாசமா காத்துக்கினு இருந்தவ. அவர் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு ஆசை ஆசையா இருந்தேன். பாத்திரம் வந்துச்சு, குடிச்சேன். துணி விளிம்புல போற சத்தம் கேட்டுச்சு. பாத்திரம் என்னைத் தாண்டி வலது பக்கம் போச்சு. அவர் மூச்சு விடறது மட்டும் கேக்குது, வேகமா, ஓடி வந்தவர் மாதிரி. அப்புறம் அவர் தொண்டையில ஒரு மொடக்கு இறங்கற சத்தம். "ஆமென்"னார். குரல் உடைஞ்சு போயிருந்துச்சு.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா பந்தல்ல ஒரே கூட்டம், பிரியாணி வாசனை, போட்டோ எடுக்கறவங்க. என் பொண்ணு புடவையைத் தூக்கிப் புடிச்சுக்கினு ஓடி வந்தா.

"அம்மா, அவர் குடிச்சாராமே! நிஜமா?"

"குடிச்சார்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு? சொல்லும்மா!"

"தெரியாதுடீ. கண்ணை மூடிக்கினு இருந்தேன்."

"அட போம்மா! ஊரையே ரெண்டாக்கிட்டு, அந்த நேரம் பாத்துக் கண்ணை மூடிக்கினியா? இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"ஜெபம்."

"எனக்கா?"

"உனக்குத்தான் முடிஞ்சுடுச்சே. அவருக்குடீ. குடிக்காம எழுந்து போயிடப் போறாரேன்னு பயமா போச்சு எனக்கு."

அவ என் முந்தானையை எடுத்து என் கண்ணை அழுத்தித் துடைச்சுவிட்டா.

"அடுத்த மாசமும் வரேம்மா"ன்னா.